மிளகாய் ராஜாவின் மகள்

"அந்த இளவரசி துறவியாப் போறதுக்கு அவங்க அப்பா அம்மா சம்மதம் கொடுத்தாங்களா, ஸயாலே?"

கேட்டவளுக்குப் பதினோரு வயது. மழித்த தலை, இளஞ்சிவப்பு அங்கி, விரலெல்லாம் பேனா மை. கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பதில் சொல்லவேண்டிய ஆசிரியைதான் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

ஆசிரியையின் மடத்துப் பெயர் கேமாவதி, மரியாதையாக டோ கேமாவதி. யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் தன்லியினில், நாற்பது பேர் இருக்கும் பௌத்தப் பெண் துறவியர் மடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். பர்மாவில் பெண் துறவிகளை ஸயாலே என்று அழைப்பார்கள், மடத்துத் தலைவியென்றால் ஸயாஜீ. பிறந்தபோது அவளுக்கு வைத்த பெயர் அழகம்மை. யாங்கோனின் லத்தா பேட்டையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் வயிரவன் செட்டியாரின் ஒரே மகள். அந்தத் தெருவின் சீன வியாபாரிகள் செட்டியாரை மிளகாய் ராஜா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக இவளும் ஒரு வகையில் இளவரசிதான். ராஜ்ஜியத்தில் தும்மல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைய ஆங்கில வகுப்புக்கு அவள் எடுத்துக்கொண்டது யாரோ தானம் கொடுத்த பழைய புத்தகத்திலிருந்த ஒரு வாழ்க்கைக் கதை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த எத்தல்ட்ரெடா என்ற இளவரசியின் கதை. அந்தப் பெயரை வாயில் நுழைக்கவே பிள்ளைகளுக்குப் பாதி வகுப்பு போய்விட்டது.

இளவரசிக்குக் கல்யாணத்தில் நாட்டமே இல்லை. இருந்தாலும் ஒரு பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் சில வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அப்பாடா என்று ஜெபமும் தவமுமாக இருந்தவளை மறுபடியும் இழுத்துவந்து வடக்கு நாட்டு இளவரசன் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மீசை முளைத்திருந்ததோ என்னவோ, அவ்வளவு சின்னப் பையன். பன்னிரண்டு வருடம் அவள் பெயருக்குத்தான் மனைவி. என்னைத் துறவியாகப் போக விடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, அதற்குள் அரசனாகிவிட்ட கணவன் ஒருநாள் அரைமனதாகத் தலையாட்டினான். அவளும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மடத்துக்குப் போய்விட்டாள். போனபிறகுதான் ராஜாவுக்குக் கொடுத்த வார்த்தை கசந்தது. ஆள்களைத் திரட்டிக்கொண்டு பிடித்துவரக் கிளம்பினான். அவள் கடலோரத்துக் குன்று ஒன்றில் ஏறி நின்றாள். கடல் பொங்கிக் குன்றைச் சுற்றிக்கொண்டது, ஏழு நாள் வடியவில்லை, ராஜா வந்த வழியே திரும்பிப் போனான் என்று சொல்கிறார்கள்.

பிறகு அவள் சதுப்பு நிலத்து நடுவே, விலாங்கு மீன் மண்டிக்கிடந்த ஒரு தீவில் மடம் கட்டி அதற்குத் தலைவியானாள். ஆண் துறவி, பெண் துறவி எல்லாரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். வெந்நீரில் குளிப்பது பெரிய திருநாள்களில் மட்டும்தான், அதுவும் மற்ற எல்லாரும் குளித்து முடித்த பிறகு. இதைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் வெந்நீரைப் பற்றிப் பேசினாலே சிரிப்புத்தான் வரும்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் சம்மதக் கேள்வி வந்தது. பர்மியப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தலையை மழித்து அங்கி கொடுப்பதற்கு முன்னால் மடத்துத் தலைவி எல்லார் எதிரிலும் கேட்கிற முதல் கேள்வியே, பெற்றவர்கள் சம்மதம் தந்தார்களா என்பதுதான். தந்தார்கள் என்று சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும். இந்த வகுப்பில் இருந்த பதினாறு பிள்ளைகளும் அதைச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

"இளவரசியோட அப்பா அதுக்கு ரொம்ப முன்னாடியே சண்டையில செத்துப்போயிட்டார்" என்றாள் அழகம்மை.

"ஐயோ பாவம். கேக்க ஆளே இல்லையா?" என்று உச்சுக்கொட்டினாள் அந்தச் சின்னவள். பிறகு அடுத்ததைப் போட்டாள். "உங்க அப்பா இருக்காரா ஸயாலே? அவர் சம்மதம் கொடுத்தாரா?"

"புஸ்தகத்தைப் பாத்து எழுதுங்க. நேரமாகுது" என்றாள் அழகம்மை. அவள் காது மடல் சூடாகிவிட்டது.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மடத்தில், இதே கேள்விக்கு அழகம்மை சொன்ன பதில் பொய். குறைந்தபட்சம் அவள் அதைப் பொய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்லாமல் மென்று முழுங்கியே இத்தனை காலமும் ஓட்டிவிட்டாள். இனிமேல் ஓட்ட முடியாது. பழைய ஸயாஜீ போன மாதம் தொண்ணூறு வயதில் காலமாகிவிட்டார். மடத்துப் பெண்கள் கூடிப் பேசி, அடுத்த ஸயாஜீ டோ கேமாவதிதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். வருகிற பௌர்ணமியன்று ஆசனத்தில் உட்காரவேண்டும். அன்றைக்கே மூன்று புதுப் பெண்கள் அங்கி வாங்கக் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, பெற்றவர்கள் சம்மதம் தந்தார்களா என்று கேட்கவேண்டியவள் இவள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்? ஊருக்கு உபதேசம் சொல்ல அவளால் முடியாது. அது அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்த குணம். மிளகாய் ராஜா மட்டச் சரக்கை நல்ல சரக்கோடு கலந்து விற்றதாக லத்தாவில் ஒருவரும் சொன்னதில்லை.

அந்தப் பொய் நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அழகம்மையின் அம்மா இறந்த வருடம், பக்கத்துக் கடைப் பர்மியப் பெண்மணி, பெண் இப்படி இடிந்துபோய்க் கிடக்கிறாளே என்று தன்லியின் மடத்துக்கு ஒருநாள் துணைக்கு அழைத்துப்போனாள். துக்கம் மாறட்டும் என்று அழைத்துப்போனால், பெண் அங்கே பாலி மொழி வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மிளகாய் தரம்பிரிக்க உட்காரவைக்கப்பட்ட பெண். இரண்டே வருடத்தில் பாலி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. வாரம் ஒருநாள் போனது இரண்டாகி மூன்றாகியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செட்டியார் வீட்டு வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. காரைக்குடிப் பக்கத்தில் நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாங்கோனுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு எட்டே நாள்.

அன்று காலையில் அழகம்மை, சம்மதம் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் கடைக்குள் வந்தாள். அப்பா மூட்டைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து மிளகாய் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் வெளியே கிளம்புகிற எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாரேன் அப்பச்சி."

அவர் தலை நிமிரவில்லை. "சரி ஆத்தா. போயிட்டு வா."

அவ்வளவுதான். அவள் பஸ் ஏறினாள். அன்று மத்தியானமே ஸயாஜீ அவளைக் கேட்டார், அப்பா சம்மதம் தந்தாரா என்று. அழகம்மை பர்மிய மொழியில் சொன்னாள், அப்பா போ என்று சொன்னார் என்று. போயிட்டு வா என்பதில் இருந்த போவை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாவைக் கமுக்கமாக விட்டுவிட்டாள். தமிழ் தெரிந்த யாராவது அங்கே இருந்திருந்தால், அடிப் பெண்ணே, சந்தைக்குப் போகிறவளுக்கும் அதைத்தானே சொல்வார்கள் என்று கேட்டிருப்பார்கள். ஒருவரும் இல்லை. தலைமுடி விழுந்தது, அங்கி கிடைத்தது.

அதன்பிறகு ஆறு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வருவார், தம்பி வருவான், லாரியில் ஆள் வரும், ரகளை நடக்கும் என்று. ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆங்கில இளவரசியைத் துரத்திக்கொண்டு ஒரு ராஜாவே வந்தான், காப்பாற்றக் கடலே பொங்கியது. இவளுக்குப் பாகோ ஆறு ஒரு சாண்கூடப் பொங்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. என்னைத் தலைமுழுகிவிட்டார் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். லத்தா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மற்ற ஸயாலேக்கள் அரிசிப் பிச்சைக்கு அந்தத் தெருக்களுக்குப் போனாலும் இவள் வேறு பேட்டை கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அந்த வகுப்பு நடந்த அன்று சாயங்காலம் அழகம்மை, மடத்தில் தனக்கு அடுத்தவளான டோ நந்தாவதியிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். நந்தாவதி பர்மியப் பெண், ஐம்பது வயது, ஒளிவுமறைவாகப் பேசத் தெரியாதவள்.

"இப்ப என்ன செய்யப்போறே?" என்றாள் நந்தாவதி.

"போய்க் கேக்கப்போறேன்."

"கிழவர் முடியாதுன்னுட்டா?"

"ஆசனத்துல உக்கார மாட்டேன். அங்கியையும் கழட்டிக் குடுத்திடுவேன். முற்றம் பெருக்கிக்கிட்டு இங்கேயே ஒரு மூலையில கிடக்குறேன்."

"இருபத்திரண்டு வருசத்துக்கப்புறம் யாரும் அதைக் கேக்க மாட்டாங்க கேமா."

"நான் கேப்பேனே" என்றாள் அழகம்மை.

நந்தாவதி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பிறகு, தனியாகப் போனால் பாலத்திலிருந்தே திரும்பிவிடுவாய், நானும் வருகிறேன் என்றாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். தன்லியின் தொழிற்சாலைகளுக்குப் போகிற கூட்டம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தது. பதினாறு பிள்ளைகளை அதட்டி வைத்திருக்கிறவள், பாலி இலக்கணத்தில் பெரிய தேர்வெல்லாம் முடித்தவள், எண்பது வயதுக் கிழவரின் ஒரு சொல்லுக்குப் பயந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. யாரம்மா நீ என்று கேட்டுவிட்டால்?

லத்தாவில் இறங்கித் தெருவுக்குள் திரும்பியதும் நந்தாவதி தும்ம ஆரம்பித்தாள். அழகம்மைக்குத் தும்மல் வரவில்லை. உடம்பு மறக்கவில்லை போலும். கடை அதே இடத்தில் இருந்தது. பெயர்ப்பலகை புதிது. வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு இளம்பெண் பர்மிய லுங்கியும் நெற்றியில் விபூதியுமாக நின்று, கைப்பேசியில் யாரிடமோ பர்மிய மொழியில் விலை பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு ஸயாலேக்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, ஒரு நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"காசு வேணாம்" என்றாள் அழகம்மை தமிழில். இருபத்திரண்டு வருடம் பேசாத தமிழ். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "வயிரவன் செட்டியாரைப் பாக்கணும்."

"ஸயாலே தமிழா! தமிழ் பேசுறாங்களே!" என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "மாமா உள்ள இருக்காங்க. நீங்க யாருன்னு சொல்றது?"

"அழகம்மை."

அந்தப் பெண் அப்படியே மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அமலே, அம்மாடி! ஆச்சியா? நான் நித்யா. உங்க தம்பியைக் கட்டினவ. கல்யாணமாகி பதினோரு வருசமாச்சு, ஃபோட்டோவுலதான் பாத்திருக்கேன். அதுல ஆச்சிக்கு முடி இருந்துச்சா, அதான் தெரியலை!" சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஃபோட்டோவைப் பற்றி அழகம்மை யோசிக்கவில்லை. தலைமுழுகியவர் வீட்டில் ஃபோட்டோ ஏன் மாட்டியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதே உறைத்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். பயம் பிடித்த புத்திக்கு எதுதான் உறைக்கிறது?

கடையின் பின்கட்டில், கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுகிற இடத்தில், பழைய மணைப்பலகையில் வயிரவன் செட்டியார் உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். மூக்குக் கண்ணாடி தடித்திருந்தது. ஒவ்வொரு மிளகாயாக எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மழித்த தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் மிளகாயிலேயே கண்ணை வைத்தார்.

"வந்துட்டியா" என்றார்.

"வந்தேன் அப்பச்சி."

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன. இப்பத்தான் வாரே. என்ன, பாலத்துல ரொம்ப நெரிசலோ?"

அழகம்மைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கால்கள் தாமாகவே முன்னே போயின. அப்பா காலில் விழவேண்டும் என்று உடம்பு துடித்தது. அங்கி போட்டவள் இல்லறத்தாரை வணங்கக்கூடாது என்பது விதி. அவள் தடுமாறுவதை அவர் பார்த்துவிட்டார்.

"விழுகாதே. அந்த உடுப்புக்கு ஆகாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்துவிடவேண்டும் என்று ஆரம்பித்தாள். தமிழும் பர்மியமும் கலந்து, வார்த்தை கிடைக்காத இடத்தில் பாலிகூட வந்து விழுந்தது. சம்மதம் வாங்கவேண்டும் என்பது விதி, வாங்கவில்லை, வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன், போயிட்டு வா என்று நீங்கள் வாய்வழக்கமாகச் சொன்னதைப் பாதியாக வெட்டி எடுத்துப்போய்ச் சம்மதம் என்று காட்டினேன், அந்தப் பொய்மேல்தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது மடத்துக்கே தலைவியாக்கப் போகிறார்கள், நீங்கள் மனசார ஒரு வார்த்தை சொன்னால் உட்காருவேன், இல்லையென்றால் மாட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார். கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தார்.

"வாய்வழக்கமாச் சொன்னேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"எட்டு நாள்ல கல்யாணம். வீடு பூரா நகை. நீ வந்து நிக்கிறே, கழுத்துல ஒன்னுமில்ல, காதுல ஒன்னுமில்ல. கையில ஒரு துணிப்பை. ராத்திரியே நகையெல்லாம் கழட்டி உங்க ஆத்தா படத்துக்கு முன்னால வச்சிருந்தே, விளக்குப் பொருத்தப் போனப்பவே பாத்தேன். ரெண்டு வருசமா எங்க போறே எங்க வாரேன்னு எனக்குத் தெரியாதா? மூட்டைக்குள்ள கிடக்கிற சொத்தை மிளகாய் தெரியுது, எதுத்தாப்ல நிக்கிற மக தெரியாதா?"

"அப்ப ஏன் தலை நிமிரலை அப்பச்சி?"

"நிமிந்திருந்தா விட்டிருப்பேனா?"

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் கடையில் ஒரு வசதி உண்டு. கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

"உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சுது. அதைக் குடுக்க எனக்கு மனசு வரலை. குடுக்காம இருக்கவும் மனசு வரலை. வெறுமனே போன்னு சொன்னா அது துரத்துறது, ஆத்தா. பெத்த வாய்ல அது வராது. அதான் போயிட்டு வான்னேன். மெய்யாத்தான் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாளுக கால்ல நானே போயி விழுந்தேன். எம் மக கேட்டுக்கிட்டுத்தான் போயிருக்கா, நாந்தான் அனுப்பினேன்னு அத்தனை பேரு முன்னாலயும் சொன்னேன். வேணுமின்னா இந்தத் தெருவுல கேட்டுப் பாரு."

"ஒருதடவைகூட வந்து பாக்கலையே நீங்க."

"நான் ஏன் வாரது? வாரேன்னு சொன்னது யாரு?" இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. மணைப்பலகையைத் தட்டினார். "நான் வந்து நின்னா, கூட்டிப்போக வந்துட்டான் கிழவன்னு ஊரு பேசாது? குடுத்த உத்தரவை நானே வாபஸ் வாங்கின மாதிரி ஆகாது? நீ வருவே வருவேன்னு பாத்தேன். ஊர்ல இருக்கிற ஸயாலே பூராவும் குடையைப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தெருவுக்குப் பிச்சைக்கு வாரா. ஒவ்வொருத்தி மூஞ்சியாப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்தக் கண்ணே போச்சு. நான் சொன்னதுல பாதியைத்தான் நீ எடுத்துக்கிட்டுப் போயிருக்கே. மீதிப் பாதியையும் சேத்துத்தான்டி சொன்னேன்!"

அழகம்மை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சை இருபத்திரண்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று இறங்கிவிட்டது. எவ்வளவு லேசாக இருந்தது என்றால், அவளுக்குக் கொஞ்சம் தலைசுற்றியது. சம்மதம் இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அவள் சொன்னது பொய்யே இல்லை. இல்லாத ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு, அதற்குப் பயந்து, உண்மையான குற்றத்தை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதுவும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரத் தூரத்தில் அப்பாவை வைத்துக்கொண்டு. சந்தோஷத்தோடு வெட்கமும் சேர்ந்து அவள் முகத்தைச் சிவக்கவைத்தது.

தமிழில் ஒரு வார்த்தை புரியாமல், மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நின்ற நந்தாவதிக்குப் பொறுக்கவில்லை. "என்ன சொல்றார்? சம்மதமா இல்லையா? கத்துறாரே!"

அழகம்மை பர்மிய மொழியில் சொன்னாள். இந்தமுறை ஒரு எழுத்துகூட விடாமல் சொன்னாள். போய்விட்டுத் திரும்பி வா என்று அப்பா அன்றைக்கே சொன்னார், மனமறிந்துதான் சொன்னார்.

நந்தாவதி கேட்டுவிட்டு ஒரு தும்மல் போட்டாள். "அப்ப நீ ஏன் திரும்பி வரலை? இவ்வளவு படிச்சும் மடச்சியா இருந்திருக்கியே!" பிறகு செட்டியாரைப் பார்த்து, "தாத்தா, நீங்களும் சளைச்சவர் இல்லை" என்றாள். செட்டியாருக்குப் பர்மியம் நன்றாகவே தெரியும். ஹஹ்ஹா என்று சிரித்தார். நித்யா அதற்குள் அடுப்படிக்கு ஓடியிருந்தாள். நடுப்பகலுக்குள் ஸயாலேக்கள் சாப்பிட்டு முடித்தாக வேண்டுமே. அவசர அவசரமாக அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. இருவரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பௌர்ணமியன்று காலையில் மடத்து வாசலில் ஒரு மிளகாய் லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து நித்யா முதலில் குதித்தாள். பிறகு வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வயிரவன் செட்டியார் மெல்ல இறங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்தப் பாலத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அவள் வந்துவிட்டாள், இனி நான் போகலாம், கணக்கு சரி என்று நித்யாவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

ஆசனத்தில் அழகம்மை உட்கார்ந்தாள். புதுப் பெண்கள் மூவரும் எதிரே மண்டியிட்டார்கள். பெற்றவர்கள் சம்மதம் தந்தார்களா என்று அவள் கேட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தந்தார்கள் என்று மூவரும் சொன்னார்கள். மூவரின் பெற்றோரும் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க, முடி அதில் விழுந்தது. துணியைப் பிடித்திருந்த ஒரு தாயைச் செட்டியார் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் மூன்று முறை விழுந்து வணங்கியபோது அவர் மட்டும் விழவில்லை. கைகளைக் கூப்பிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முருகனைக் கும்பிடுகிற கை அது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

சடங்கு முடிந்து வந்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். மடத்துக்கு வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடக்கூடாது. தலைவி முன்னால் வந்து, போகிறோம், உத்தரவு கொடுங்கள் என்று கேட்டு, அவர் கொடுத்த பிறகுதான் போகவேண்டும். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அழகம்மை ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். கடைசியில் செட்டியாரும் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். லாரி ஒரு மணிக்குள் லத்தா திரும்பவேண்டுமாம். சபை மரியாதை தெரிந்தவர், அத்தனை பேர் எதிரிலும் முறையாகப் பர்மிய மொழியிலேயே கேட்டார்.

"போகலாம்னு இருக்கேன், ஸயாஜீ. உத்தரவு கொடுங்க."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதுவரை நாற்பது ஐம்பது பேருக்குச் சொன்ன சொல். அழகம்மை அவரைப் பார்த்தாள். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தார். அந்தச் சொல்லைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மூட்டைக்கு முன்னால் குனிந்துகொண்டே இந்த மனுஷர் இதை எப்படித்தான் சொன்னாரோ என்று நினைத்தாள். எப்படிப்பட்ட சொல்லைத் தனக்குக் கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

"உத்தரவு இல்லை" என்றாள் ஸயாஜீ.

நந்தாவதி திரும்பிப் பார்த்தாள். அப்படியொரு பதிலை அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"உள்ள எல பரப்பியாச்சு" என்றாள் அழகம்மை தமிழில். "நீங்க சாப்பிடாமப் போகக்கூடாது. லாரி காத்துக்கிட்டு நிக்கட்டும். உக்காருங்க அப்பச்சி."

செட்டியார் கோலை நித்யாவின் கையில் கொடுத்தார்.

"சரிங்க, ஸயாஜீ" என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்.